பால் பகுப்பும் பகையும்

நன்னூலின் பெயரியலைக் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொருமுறை வகுப்பறையில் ஒரு சிரிப்பொலியைக் கேட்க நேரும். பேடு, அலி என்னும் பெயர்கள் எப்பாலின் முடிபைக் கொள்ளும் என்று கூறும் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியதும் எழும் சிரிப்பு அது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் கற்பித்த வகுப்பொன்றில் அச்சிரிப்பு வெறுமனே எழுந்து அடங்கிவிடவில்லை. நாற்பது தலைகள் ஒரே வேளையில் மூன்றாம் வாங்கின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஒரு பிள்ளையை நோக்கித் திரும்பின. மெல்லிய குரலும் மெல்லிய நடையும் உடைய பிள்ளை. செய்யுளைச் சீர்பிரித்துப் பிழையின்றிப் படிப்பதில் அவ்வகுப்பில் அப்பிள்ளைக்கு நிகர் எவருமில்லை. நாம் மேசையில் ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குச் சென்றோம். இரண்டு மாதங்களுக்குள் அப்பிள்ளை பாடசாலைக்கு வருவது நின்றுபோயிற்று.

அச்சிரிப்பு எங்கிருந்து வந்தது என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். இருவகை விடைகள் இன்று நம்மிடையே வழங்குகின்றன. ஆணாகப் பிறந்தவர் பெண்ணாக வாழ்வதும் பெண்ணாகப் பிறந்தவர் ஆணாக வாழ்வதும் மேனாட்டார் கொண்டுவந்த புதுமோகம் என்றும், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லையென்றும் பழைமை பேணுவோர் கூறுவர். முற்போக்காளரிற் சிலர் இதனைத் தலைகீழாக்கி, நம் முன்னோர் இத்தகையோரைப் போற்றினர், வெறுப்பை விதைத்தவன் வெள்ளையனே என்பர். முன்னையது அறியாமை, ஏட்டைப் புரட்டினாலே கலைந்துவிடும். பின்னையது அரையுண்மை, அது நமக்கு இனிமையாக இருப்பதனாலேயே அதனைக் கூடுதலாக ஐயுற வேண்டியவராயுள்ளோம்.

பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினின்றும் வேறாகத் தம்மை உணர்ந்து வாழ்வோரைத் திருநர் என்று இன்று வழங்குகிறோம். திருநங்கை, திருநம்பி என்னும் இருசாராரையும் அடக்குவது இச்சொல். பழைய நூல்களிற் காணும் பேடு, பேடி, அலி என்னும் சொற்கள் இதற்கு நேரான சொற்களல்ல. உடலால் வேறுபட்டோர், உள்ளத்தால் வேறுபட்டோர், விதையடிக்கப்பட்டோர் ஆகிய பலரையும் அவை ஒரு கூடையில் இட்டன. இந்த மயக்கத்தை மனங்கொண்டே பழைய ஏடுகளை அணுகல் வேண்டும்.

தொல்காப்பியர் உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என வகுத்தார். வகுத்த உடனேயே, அந்த வகுப்புக்குள் அடங்காதோரைப் பற்றிப் பேச வேண்டிய நெருக்கடி அவருக்கு ஏற்பட்டது. ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயருக்குத் தனியான ஈறு இல்லை என்றும், அது உயர்திணைக்குரிய முடிபையே ஏற்று நிற்கும் என்றும் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே அவர் விதித்தார். மொழியில் இடமில்லாதிருந்தும் மக்களுள் இடமுண்டு என்பதே இதன் பொருள். வழக்கில் இல்லாதாரைப் பற்றி இலக்கணகாரர் விதி செய்வதில்லை. விதி இருக்கின்றதெனின், அதற்குரியோர் தெருவிலும் ஊரிலும் வாழ்ந்தனர் என்பது தெளிவு. மேனாட்டு மோகம் என்று கூறுவோருக்கு இந்த ஒரு சூத்திரமே போதும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான பவணந்தியார் இன்னும் நுணுக்கமாக நோக்கினார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பாலாகவும் சொல்லப்படுவர் என்பது அவர் கொள்கை. இவ்விடத்து அவர் ஆளும் வினை ‘அவாவுதல்’ என்பது. பிறப்பை விடுத்து விருப்பைக் கொண்டு பாலைத் துணிந்த இலக்கணம் இது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பொன்றில், ஒருவரின் பாலை உடற்சோதனை துணிதலாகாது, அவர் தம்மை எவ்வாறு உணர்கின்றாரோ அதுவே துணிதல் வேண்டும் என்று கூறிற்று. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் தமிழ் மாணவனுக்கு ஒரு சிறு வியப்பு உண்டாகும். ஆயினும் பவணந்தியாரை உரிமைப் போராளியாக்க நாம் முனையவில்லை. எழுவாய்க்குப் பயனிலை பொருந்துவதே அவர் கவலை. அதே சூத்திரத்தின் இறுதியில் இவ்விரு சாராரும் அஃறிணையைப் போலவும் முடிபு கொள்வர் என்று அவரே கூறியுமுள்ளார்.

அஃறிணை என்றதும் மாணவர் சிரிப்பர். ஆனால் குழந்தை அழுதது என்கிறோம். அரசு ஆணையிட்டது என்கிறோம். உயர்திணைப் பொருளை உணர்த்தியும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் வரிசையொன்றைத் தொல்காப்பியமே தந்துள்ளது; அரசனும் அடிமையும் விருந்தினனும் குழவியும் அவ்வரிசையில் உளர்; அலியையும் உரையாசிரியர் அங்கேயே வைத்தனர். எனவே இழிவு இலக்கண முடிபினின்றும் வந்ததன்று. அதன் ஊற்று வேறிடத்தில் உள்ளது.

அந்த ஊற்றைக் காண இலக்கியத்துக்குச் செல்ல வேண்டும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோராடலுள் பேடு என்பதும் ஒன்று. வாணாசுரனின் சோ நகரத்திற் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்கக் காமன் பேடியுருக் கொண்டு ஆடியது அது. மணிமேகலையும் புகார் நகர வீதியில் பேடியின் கூத்தைச் சூழ்ந்து நின்று காணும் மக்களைக் காட்டுகிறது. ஆடலாக இருக்கும்வரை ஊர் கண்டு களித்தது. ஆனால் குறளைத் திறந்தால் வேறு குரல் கேட்கிறது. முயற்சியில்லாதவனின் உதவும் பண்புக்கும், அவைக்கு அஞ்சுவோன் கற்ற நூலுக்கும் வள்ளுவர் கண்ட உவமை பேடியின் கையிலுள்ள வாள். நாலடியார் ஒருபடி மேலே செல்கிறது. முற்பிறப்பிற் பிறர்மனை விரும்பியவரே இப்பிறப்பில் அலிகளாகிக் கூத்தாடி உண்போர் ஆயினர் என்கிறது அது. வாழ்வோரின் வறுமைக்கு அவர்தம் பழைய காமமே காரணம் என்று கணக்கு முடித்துவிடும் இக்கொள்கை, சாதி இழிவுக்கும் இதே விளக்கத்தையே தந்தது என்பதை இவ்விதழின் வாசகருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்மை என்னும் சொல்லையே சற்று உற்று நோக்குவோம். ஆண் தன்மை என்பது அதன் ஒரு பொருள். ஆளுந் தன்மை, வீரம், வினைத்திறன் என்பன அதன் பிற பொருள்கள். வேந்தனும் நிலமும் போரும் ஒரு சமுதாயத்தின் அச்சாக இருந்த காலத்தில், ஆளும் உரிமையையும் ஆண் உடலையும் மொழி ஒரே சொல்லாற் பிணைத்துவிட்டது. அப்பிணைப்பு நிலைபெற்றபின், ஆண் உடலோடு பிறந்து ஆண்மையை விட்டவர் வெறுமனே வேறுபட்டவராக இருத்தல் இயலாது. அவர் தாழ்ந்தவராகியே தீரல் வேண்டும். கையிலிருந்த உயர்ந்த பொருளை எறிந்துவிட்டுத் தாழ்ந்ததைத் தேடிச் சென்றவர் என்றே உலகம் அவரை நோக்கும். பெண்மை இழிவு என்னும் முன்முடிவு இல்லாத இடத்தில் பேடி என்பது வசைச்சொல்லாக ஆகியிராது. பெண்ணடிமையும் திருநர் வெறுப்பும் ஒரே வேரின் இரு கிளைகள் என்று நாம் கருதுவது இதனாலேயே. அவாவுதலின் மறுதிசையை நோக்கினும் இது புலப்படும். பாரதக் கதையிற் பெண்ணாகப் பிறந்து ஆணாகிய சிகண்டி போர்க்களத்திற் பங்கு பெறுகின்றான். ஓராண்டு பேடியாக மறைந்து வாழும் அருச்சுனனுக்கோ அது சாபத்தின் பயன்.

இதுவரை கூறியவை ஏளனத்தின் வரலாறு. ஏளனம் குற்றமாக மாறிய வரலாற்றுக்கு வட இந்தியாவுக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாடு அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. நாம் இனிக் கூறப்போகும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் அம்மாகாணத்தைத் தொடவில்லை. ஆயினும் அச்சட்டத்தின் பின்னணியாக நின்ற தண்டனைச் சட்டக்கோவையே பின்னர் இலங்கைக் கோவைக்கும் முன்மாதிரியாயிற்று. ஆகவே அது நமக்குப் புறம்பான கதையன்று.

ஹிஜ்ராக்கள் என்போர் வட இந்தியாவில் குருவும் சீடருமாகக் கூடி வாழ்ந்த திருநர். குழந்தை பிறந்த வீட்டிலும் திருமண வீட்டிலும் ஆடிப் பாடி வாழ்த்திக் கொடை பெறுவது அவர்தம் தொழில். மராட்டியர் ஆட்சியில் அவர்களிற் சிலர் கிராமங்களில் இரந்து பெறும் உரிமையையும் சிறு கொடைகளையும் வழிவழி உரிமையாகப் பெற்றிருந்தனர். குருவின் உரிமை சீடருக்குச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பம்பாய் மாகாண அரசு இவ்வுரிமைகளை ஏற்க மறுத்தது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. தில்லிச் சுல்தானின் படையோடு 1311இல் மதுரைவரை வந்த மாலிக் கபூரையும், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயோத்தி நாட்டின் வரிப்பணத்திற் பெரும்பங்கை நிருவகித்த அல்மாஸ் அலிகானையும் காட்டி, அன்று திருநர் அரசோச்சினர் என்று எழுதுவோர் உளர். அவர்கள் சிறுவயதில் அடிமைகளாக்கப்பட்டு விதையடிக்கப்பட்ட அரண்மனை ஊழியர். சந்ததியில்லாத அடிமை அரியணைக்கு உரிமை கோரான் என்னும் கணக்கே அவர்களை உயர்த்தியது. அந்தக் கொடுமையைப் பொற்காலமாக்குவது நமக்குத் தகாது.

1852ஆம் ஆண்டு மைன்புரி மாவட்டத்தில் பூரா என்னும் ஹிஜ்ரா கொலையுண்டார். இரு சீடரோடும் ஒரு காதலனோடும் வாழ்ந்தவர். அக்காதலனை விட்டு வேறொருவனிடம் சென்றமையால் முன்னவன் கொன்றான் என்று நீதிபதிகள் நம்பினர். ஒரு மனிதவுயிர் பறிக்கப்பட்ட வழக்கு இது. ஆயினும் நீதிபதிகளின் சினம் கொலையுண்டவரின் குலத்தின்மீதே பாய்ந்தது. பெண்ணுடை உடுத்திய ஆண்கள், இரவலர், இயற்கைக்கு மாறான பரத்தையர் என அவர்களை வருணித்து, அவர்கள் இருப்பதே ஆங்கில ஆட்சிக்கு இழுக்கு என்றனர். இவ்வரலாற்றை ஆவணங்களினின்றும் அகழ்ந்தெடுத்து 2019இல் நூலாக வெளியிட்ட ஜெசிக்கா ஹிஞ்சி என்னும் வரலாற்றாசிரியர், பின்னர் வந்த சட்டத்துக்கு வித்து இங்கே ஊன்றப்பட்டதைக் காட்டுகின்றார்.

அச்சட்டம் 1871ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம். குற்றப் பரம்பரைச் சட்டம் என நாம் அறிந்தது. கள்ளர், மறவர் முதலிய குலத்தார் பிற்காலத்தில் இதன் வழிவந்த சட்டத்தாற் பட்ட பாட்டைத் தமிழர் மறவார். ஆனால் அச்சட்டத்துக்கு இரண்டாம் பகுதியொன்று இருந்தது என்பதும், அது முழுவதும் ‘அலிகள்’ பற்றியது என்பதும் பலர் அறியாதவை. வடமேற்கு மாகாணங்கள் எனப்பட்ட, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியிலேயே அது கடுமையாக நடைமுறையாயிற்று. சிறுவரைக் கடத்துவோர், விதையடிப்போர், இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையின் 377ஆம் பிரிவுக் குற்றம் புரிவோர் என ஐயுறப்படும் அலிகளின் பெயர், இருப்பிடம், உடைமை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுமாறு அது ஆணையிட்டது. அலி என்போன் யார் என்பதற்கும் வரைவிலக்கணம் தந்தது: ஆண்மையற்றவன் எனத் தானே ஒப்புக்கொள்பவன், அல்லது மருத்துவச் சோதனையில் அவ்வாறு தோன்றுபவன். பவணந்தியாரின் அவாவுதல் போன இடம் தெரியவில்லை. அதன் இடத்தில் வைத்தியரின் விரல் வந்து நின்றது.

பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடையோ அணியோ பூண்டு பொதுவிடத்தில் தோன்றினால், பொதுவிடத்தில் ஆடினால், இசைத்தால், பொலிசார் பிடியாணையின்றிக் கைதுசெய்யலாம். ஈராண்டுச் சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். 16 வயதுக்குட்பட்ட சிறுவன் அவர் வீட்டில் இருந்தாலும் அதே தண்டனை. மேலும் அவர் எந்தச் சிறுவருக்கும் பாதுகாவலர் ஆகலாகாது, நன்கொடை வழங்கலாகாது, மரணசாசனம் எழுதலாகாது, மகவு தத்தெடுக்கலாகாது.

இந்த நான்கு தடைகளையும் மீண்டும் ஒருமுறை படிக்குமாறு வாசகரை வேண்டுகிறோம். ஒழுக்கம் பேணவந்த சட்டம் மரணசாசனத்தில் ஏன் கைவைக்க வேண்டும்? குருவினிடமிருந்து சீடருக்குச் செல்லும் சொத்து, தந்தையினின்றும் மகனுக்குச் செல்லும் சொத்தின் ஒழுங்கை மறுத்து நின்றது. வரி வசூலும் நில உரிமையும் ஆண்வழிக் குடும்பத்தை அலகாகக் கொண்டிருந்த ஆட்சிக்கு, இரத்த உறவில்லாமலே வாரிசுரிமை பேணிய ஒரு கூட்டம் கண்ணில் விழுந்த துரும்பாயிற்று. தனியுடைமையும் குடும்பமும் கைகோத்து வளர்ந்ததை ஏங்கல்ஸ் 1884இல் விளக்கினார். அவர் அறியாத ஒரு சான்று இச்சட்டத்தின் பிரிவுகளிற் கிடக்கின்றது. சீடர் இல்லையெனின் குலம் இல்லை. உடைமை கைமாறாதெனின் சீடர் இல்லை. அவர்கள் மெல்ல மெல்ல அற்றுப்போதல் வேண்டும் என்பதே தம் நோக்கமென அதிகாரிகள் மறைக்காமல் எழுதினர்.

சிறுவரைக் கடத்தினர் என்னும் குற்றச்சாட்டு என்னவாயிற்று? பதிவுசெய்யப்பட்டோருடன் 1860க்கும் 1880க்கும் இடையில் வாழக் கண்ட சிறுவர் ஏறத்தாழ 90 முதல் 100 பேர் என ஹிஞ்சி கணக்கிடுகின்றார். அவர்களில் விதையடிக்கப்பட்டோர் மிகச் சிலர். பெரும்பாலோர் தம்மைப் பெற்றவருடனேயே அவ்வீடுகளில் வாழ்ந்தனர். அச்சம் மட்டும் நிலைத்துவிட்டது. பிள்ளை பிடிப்போர் என்று இன்றும் நம் ஊர்த் தாய்மார் திருநங்கையரைச் சுட்டுவதுண்டு. வேற்று நாட்டில் வேறு மொழியிலும் இதே அச்சத்தைத் தேர்தல் மேடைகளில் விற்கின்றனர்.

உடை எவ்வாறு சாட்சியாக மாறியது என்பதற்குக் கைராத்தியின் வழக்கு எடுத்துக்காட்டு. பெண்ணுடையில், ஒரு குடும்பத்துப் பெண்களிடையே பாடிக்கொண்டிருந்தபோது பிடிபட்டவர் கைராத்தி. உடற்சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். யாரோடு, எங்கே, எப்போது என்று எதுவும் கூறாமலே 377ஆம் பிரிவின்கீழ் கீழ்மன்று அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. 1884இல் அலகாபாத் மேல் நீதிமன்றம் குற்றச்சாட்டில் இவ்விவரங்கள் இல்லையெனக் காட்டி அவரை விடுவித்தது; விடுவிக்கும்போதே இத்தகைய இழிசெயலை ஒடுக்க முனைந்த பொலிசாரின் எண்ணம் பாராட்டத்தக்கது என்றும் சேர்த்துக்கொண்டது. சேலை உடுத்தியவர் பெண்ணாக வாழ்கின்றார் என்பது ஒரு செய்தி. அவர் யாரோடு படுக்கின்றார் என்பது முற்றிலும் வேறு செய்தி. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் குற்றமாக்கி, முதலாவதை இரண்டாவதற்குச் சான்றாக்கியது இச்சட்டத்தின் வேலை. இன்று ஒரு திருநங்கையைத் தெருவிற் கண்டவுடன் பரத்தை என்றே எண்ணும் மனம் இத்தீர்ப்பைப் படித்ததில்லை. படிக்காமலே அதன்படி நடக்கின்றது.

இந்தக் கோவையின் மூலவரைவை 1837இல் நிறைவுசெய்த ஆணைக்குழுவின் தலைவர் மெக்காலே. நம் கல்விமுறை வரலாற்றில் அடிக்கடி அடிபடும் பெயர். இயற்கைக்கு மாறான குற்றம் பற்றிய பிரிவுகளுக்கு விளக்கம் எழுதவும் அவர் விரும்பவில்லை. அதைப் பற்றிப் பேச்செழுவதே தீங்கு என்று ஒதுக்கினார். விவாதமின்றிப் பிறந்த சட்டம் என்று இதனைக் கூறலாம். அதே மெக்காலேதான் 1841இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி எழுதிய கட்டுரையில், வங்காளியரை உடலாற் பெண்தன்மை மிக்கோர், துணிவற்றோர் எனப் பழித்தார். ஆளப்படுவோருக்கு ஆண்மை இல்லை, ஆதலால் அவர்களை நாம் ஆள்கிறோம் என்பது ஏகாதிபத்தியத்தின் வாதம். ஆண்மை என்னும் நம் பழைய அளவுகோல் அந்நியன் கையிலும் இருந்தது.

விடுதலை இயக்கம் இந்த அளவுகோலை முறித்தெறிந்திருக்கலாம். அது செய்தது வேறு. நாங்கள் பேடிகளல்லர் என்று நிறுவுவதே நம் தலைவர் பலருக்கு நோக்கமாயிற்று. பெண் விடுதலையைப் பாடிய பாரதியும், தன் வரலாற்றுச் செய்யுளில் ஆங்கிலக் கல்வியைச் சாட முற்பட்டபோது பேடி என்பதையே அதற்கு அடைமொழியாக்கினான். பாரதியைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவனுக்கும் கைக்கெட்டிய கல் அதுவாகவே இருந்தது என்பதற்காகவே சொல்கிறோம். பிரித்தானியர் 1911இல் புதிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியபோது அலிகள் பற்றிய பகுதியைக் கைவிட்டனர். ஆனால் நைசாமின் ஐதராபாத்தில் அதே சாயலில் 1919இல் ஒரு சட்டம் பிறந்தது. வெள்ளையன் கழற்றிய சட்டையைச் சுதேச மன்னன் எடுத்து அணிந்துகொண்டான். சுதந்திரத்தின் பின்னும் அது ஏட்டில் நீடித்து, 2023 யூலையிலேயே தெலங்கானா மேல் நீதிமன்றத்தால் அரசியலமைப்புக்கு முரணானதெனத் தள்ளப்பட்டது.

இடதுசாரிகளாகிய நாமும் இவ்விடத்தில் நம் வீட்டு முற்றத்தைப் பார்க்கவே வேண்டும். 1922ஆம் ஆண்டுச் சோவியத் ருஷ்யக் குற்றவியற் கோவை, சார் மன்னர் காலத்துக் குற்றங்களுள் ஆண் ஓரினச்சேர்க்கையைச் சேர்க்காது விட்டது. 1934இல் அது மீண்டும் குற்றமாக்கப்பட்டது. பூர்ஷுவாச் சீர்கேடு என்று அதற்குப் பெயர் சூட்டினர். எமது மேடைகளிலும், எதிர்க்கட்சிக்காரனுக்குச் சேலையும் வளையலும் அனுப்பும் பகடி கைதட்டலைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கின்றது.

இலங்கைக்கு வருவோம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியக் கோவையின் 377ஆம் பிரிவைத் தன் 365ஆம் பிரிவாக எடுத்துக்கொண்டது. 365அ என்னும் பிரிவும் உண்டு. 1995இல் இக்கோவை திருத்தப்பட்டபோது, ஆண்களிடையே என்றிருந்ததை ஆட்களிடையே என மாற்றிப் பெண்களையும் வலைக்குள் இழுத்தனர். சமத்துவம் எத்தனை விதமாகப் பொருள்படும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஆயினும் திருநர்மீது இங்கு மிகுதியாகப் பயன்பட்டவை வேறு இரண்டு. ஒன்று 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம். வீதியில் நிற்பதையே குற்றமாக்க வல்லது. மற்றையது கோவையின் 399ஆம் பிரிவு. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதல் பற்றியது. வேறொருவரின் பெயரிற் பணம் பறிப்பவனைப் பிடிக்க எழுதப்பட்ட இப்பிரிவு, பெண்ணுடையில் நடந்த திருநங்கைமீதும் பாய்ந்தது. பொலிசார் இவற்றைத் திருநரைப் பிடிக்கப் பயன்படுத்தியமையை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையொன்றிற் பதிந்துள்ளது. யாரை ஏமாற்றினார் என்று கேட்பாரில்லை. உடலே மெய், உணர்வு வேடம் என்னும் துணிபு சட்டத்தின் சொற்களுக்குள் முன்கூட்டியே குடியேறிவிட்டது.

வேடம் என்றதும் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகள் நினைவுக்கு வருகின்றன. நாட்டுக்கூத்திலும் இசை நாடகத்திலும் நெடுங்காலம் பெண்பாத்திரங்களை ஆடியோர் ஆடவரே. சந்திரமதி அழும்போது கூடியிருந்தோரும் அழுதனர். ஸ்திரீபார்ட் நடிகருக்கு மாலையிட்டனர். விடிந்தால் அவர் வேட்டி கட்டிக்கொள்வார் என்னும் உறுதி ஊருக்கு இருந்தது. விடிந்தபின்னும் சேலையைக் களையாதவர்மீதே கல் விழுந்தது. புகார் நகரத்து வீதிக்கும் நம் ஊர் வீதிக்கும் இதில் வேறுபாடு பெரிதில்லை.

2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையின் வழியாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வந்தது. உளமருத்துவரின் மதிப்பீட்டின் பின், பிறப்புச் சான்றிதழிற் பெயரையும் பாலையும் திருத்த அது வழிசெய்தது. 1871இல் வைத்தியர் குற்றவாளியைக் கண்டறிய அழைக்கப்பட்டார். இங்கே உரிமையை வழங்க அழைக்கப்பட்டார். முன்னேற்றம் இது என்பதில் ஐயமில்லை. எனினும் ஒருவர் தம்மை இன்னார் எனக் கூறுவதற்கு வைத்தியரின் கையெழுத்து வேண்டியதாயிற்று. 2023 மே மாதத்தில், 365ஆம் பிரிவையும் 365அ பிரிவையும் திருத்த முன்மொழிந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என நாட்டின் அதியுயர் மன்றாகிய உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அச்சட்டமூலத்தை எதிர்த்தோர் கூறியவற்றுள் பண்பாடு என்னும் சொல் பலமுறை வந்தது. 1837இல் விளக்கமும் எழுதாமல் வரையப்பட்ட ஓர் ஆங்கிலேயப் பிரிவு, நம் பண்பாடாக மாறுவதற்கு இருநூறு ஆண்டுகளும் தேவைப்படவில்லை.

அண்மையில் ஒரு நாள், பாடசாலை அலுவலகத்தில் ஒரு பெண் எம்மைத் தேடி வந்து காத்திருந்தார். எளிய பருத்திச் சேலை, கையில் ஒரு கோவை. எழுந்து நின்று, “சேர், என்னைத் தெரியுமோ?” என்று கேட்டார். குரலை அறிந்தோம். திருத்திய பிறப்புச் சான்றிதழைக் கோவையிலிருந்து எடுத்து நீட்டி, விடுகைப் பத்திரம் அந்தப் பெயரிற் கிடைக்குமா என்று வினவினார். தொழிலுக்கு விண்ணப்பிக்க வேண்டுமாம். நன்னூற் சூத்திரம் இன்னும் நினைவிருக்கின்றதா என்று கேட்கும் துணிவு எமக்கு வரவில்லை. அலுமாரியைத் திறந்து பழைய சேர்விடாப்பை எடுத்து அந்த ஆண்டின் பக்கத்தைப் புரட்டினோம். பழைய பெயரின்மீது சிவப்பு மையில் ஒரு கோடு. விலகிய திகதி. விலகியமைக்கான காரணம் என்னும் நிரலில் ‘சுயவிருப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது. கையெழுத்து எம்முடையது.